இரண்டு பக்கெட் வைத்தும் ஒரே பீப்பாயில் கொட்டுகிறார்கள். பிரித்து என்ன பயன்?

பாலாற்றங்கரை:

வேலூர்க்காரர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இரண்டு பக்கெட். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது. ஆறாவது படிக்கும் பையன் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து ஆரம்பித்த வேலை. என் அம்மா வெங்காயச் சருகை நீலத்தில் போட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. திட்டு வாங்கி வாங்கி எல்லோரும் பழகிவிட்டோம்.

போன செவ்வாய் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். காலை ஏழேகாலுக்குக் குப்பை வண்டி விசில். நானே இரண்டு பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். தள்ளுவண்டியில் நாலு பீப்பாய். பச்சையை ஒரு பீப்பாயில் கவிழ்த்தார்கள். நீலத்தையும் அதே பீப்பாயில் கவிழ்த்தார்கள். என் கண்ணெதிரிலேயே. "ஏம்மா, பிரித்துத்தானே கொண்டுவருகிறோம்?" என்று கேட்டதற்கு, "எல்லாம் கவரா இருக்குது சார், எதன்னு பிரிக்கறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எந்தத் தெரு, எந்த வார்டு என்று எழுதப் போவதில்லை. அவர் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. பையனிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கெட்டுகளைப் பார்த்தாலே ஏமாந்த மாதிரி இருக்கிறது. பிரித்து என்ன பயன்?

காட்பாடி ஜங்ஷன்:

ஒரு பயனும் இல்லை. நான் ஒரு வருஷம் செய்துவிட்டு நிறுத்தியவன். நாம் பிரிப்போம், அவர்கள் சேர்ப்பார்கள், லாரி கொண்டுபோய் மேட்டில் கொட்டும், மேடு தீப்பிடிக்கும், புகையை நாமே மூக்கில் வாங்கிக்கொள்வோம். சதுப்பேரிப் பக்கம் காற்று வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பையனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அவனுக்கும் நேரம் மிச்சம்.

மொட்டைமாடித் தோட்டம்:

ஜங்ஷன் சார் எதைக் கேட்டாலும் இப்படித்தான், விடுங்கள்.

பாலாற்றங்கரை அண்ணா, ஒரே ஒரு வாரம் உங்கள் குப்பையை எடை போட்டுப் பாருங்கள். நான் இரண்டு வருஷம் முன்பு போட்டேன். சமையலறைத் தராசு போதவில்லை, சிலிண்டர் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டினேன். ஏழு நாளில் பதினோரு கிலோ சொச்சம். அதில் ஏழு கிலோவுக்கு மேல் காய்த்தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், கீரைத்தண்டு, பழத்தோல். எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. நம் ஊர்களில் வீட்டுக் குப்பை என்றால் பாதிக்கு மேல் ஈரம்தான்.

அந்த ஈரம் வீட்டு வாசலைத் தாண்டாவிட்டால் மிச்சம் இருப்பது நாறாது. நாறாத குப்பையைத் தினமும் வெளியே தள்ள வேண்டிய அவசரம் இல்லை. என் வீட்டிலிருந்து வண்டிக்குப் போவது வாரத்துக்கு ஒருமுறை, ஒரு சின்னப் பை. அதை அவர்கள் எந்தப் பீப்பாயில் போட்டால் எனக்கென்ன?

பாலாற்றங்கரை:

உரம் செய்து பார்த்தாயிற்று தங்கச்சி. போன ஐப்பசியில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கி, தினமும் காய்த்தோலைக் கொட்டினோம். பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தேன். கூழ். அதில் விரல் கணு அளவுக்குப் புழு நெளிகிறது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன சார் செத்துக் கிடக்குது?" என்று கேட்டார். அன்றைக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

மொட்டைமாடித் தோட்டம்:

எங்கே கொட்டினீர்கள் என்று தெரியும், உங்கள் பெயரிலேயே இருக்கிறது. :)

டிரம் மேல் தப்பில்லை. மூடி போட்டதும், காய்ந்தது எதையும் போடாததும்தான் தப்பு. ஈரத்தை மட்டும் அடைத்து வைத்தால் காற்றில்லாமல் அழுகும். காற்றும் சருகும் இருந்தால் மக்கும். அழுகினால் நாறும், மக்கினால் மண்வாசனை வரும். இரண்டும் ஒரே குப்பைதான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் பக்கெட் மூன்று. ஒரு கை காய்த்தோல் போட்டால் அதன் மேல் ஒரு கை, முடிந்தால் ஒன்றரைக் கை, காய்ந்த சமாச்சாரம். காய்ந்தது என்றால் வேப்பஞ்சருகு, புங்கன் சருகு, தென்னை நார்க்கழிவு, மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்). வடாற்காட்டில் இருந்துகொண்டு மல்லாட்டைத் தோல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. செக்கு ஆட்டும் இடத்தில் கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள். மாசி பங்குனியில் வேம்பு கொட்டும்போது எங்கள் தெருவில் கூட்டிக் கொளுத்துவார்கள். நான் முந்திக்கொண்டு நாலு சாக்கு கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவேன். அது கார்த்திகை வரைக்கும் வரும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு போடுங்கள். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கத்திரி வெயிலில் நம் ஊர் மொட்டைமாடியில் பக்கெட்டை வைத்தால் அது மக்காது, வற்றலாகிவிடும். நிழல் வேண்டும், மேலே ஈரச் சாக்கு வேண்டும். ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர் ஊற்றுங்கள், அல்லது பழைய உரம் ஒரு பிடி. இரண்டு மாதத்தில் கறுப்பாகிவிடும்.

நீங்கள் பார்த்த புழு பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவாக இருக்கும். கொழுகொழுவென்று, தட்டையாக, பழுப்பாக இருந்ததா? அது கெடுதல் செய்யாது, தின்று தீர்ப்பதில் நம்மை மிஞ்சும். கோழி வளர்ப்பவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பிடிக்காவிட்டால் சருகைக் கூட்டுங்கள், ஈரம் குறைந்தால் அது போய்விடும்.

போடக் கூடாதவை: கறி, எலும்பு, எண்ணெய் ஊறிய பிரியாணி மிச்சம் (எலி வரும்), தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை (அடுத்த ஆனி வரைக்கும் அப்படியே இருக்கும்). எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போடலாம், மூட்டையாகக் கொட்டாதீர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லோர் வீட்டிலும் மொட்டைமாடி இருக்கிறதா? வாடகை வீட்டில், ஓனர் கீழே இருக்க, மேலே புழு வளர்த்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா?

விசில் சத்தம்:

மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு தயக்கம். என் அம்மா தூய்மைப் பணியாளர். எந்த ஊர் என்பது வேண்டாம், வடாற்காட்டில் ஓர் ஊர்.

பாலாற்றங்கரை அண்ணா, அந்தப் பெண் உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள். நீங்களே இங்கே எழுதியும் இருக்கிறீர்கள். "எல்லாம் கவரா இருக்குது." உங்கள் பச்சைப் பக்கெட்டுக்குள் கடையில் கொடுத்த கவரை விரித்திருந்தீர்களா? நிறைந்ததும் வாயைக் கட்டி முடிச்சுப் போட்டீர்களா? நீலத்திலும் அப்படியேதானே?

அப்படியென்றால் அந்த அம்மாவுக்கு நீங்கள் கொடுத்தது மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் அல்ல. இரண்டு முடிச்சு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று.

என் அம்மா ஒரு நடையில் இருநூறு வீட்டுக்கு மேல் போக வேண்டும். ஒரு முடிச்சை அவிழ்க்க அரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு நிமிஷம். அரை நிமிஷத்தில் அவிழவும் அவிழாது. சாம்பார் வழிந்து வழுக்கும். சிலர் நாற்றம் வரக் கூடாது என்று இரண்டு கவர் போட்டு இரண்டு முடிச்சுப் போடுவார்கள். அவர்கள் சுத்தக்காரர்கள்! எனவே கிழிக்க வேண்டும். கிழித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கிழிப்பவருக்குத் தெரியாது. அம்மாவின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, டியூப்லைட் துண்டு. இன்னொரு முறை சர்க்கரைக்குப் போட்டுக்கொள்கிற ஊசி ஏறியது. அதற்கு ரத்தப் பரிசோதனை, மறுபடி பரிசோதனை என்று அலைந்த மாதங்களில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கையுறை கொடுத்தால் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். ஊசிக்கு அந்தக் கையுறை ஒன்றும் செய்யாது.

அதனால் முடிச்சைப் பார்த்தால் அம்மா அவிழ்ப்பதில்லை. அப்படியே ஒரே பீப்பாய். நான் அம்மாவுக்கு ஆதரவாகத்தான் பேசுவேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். பச்சைப் பக்கெட்டில் கவர் விரிக்காதீர்கள். வெறும் பக்கெட். கொட்டினால் காய்த்தோல் காய்த்தோலாகத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற காய்த்தோலைப் பிளாஸ்டிக் பீப்பாயில் போட யாருக்கும் கை வராது.

பாலாற்றங்கரை:

விரித்திருந்தேன். முடிச்சும் போட்டிருந்தேன். இரண்டிலும்.

கழனித்தண்ணி:

வணக்கம். எனக்கு வயது அறுபத்தெட்டு, கணியம்பாடிப் பக்கம். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

அந்த விசில் பெண் முடிச்சைப் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு. நான் மாட்டுக்காரன், மாட்டுப் பக்கமிருந்து அதையே சொல்கிறேன். மாடு நாக்கால் சுருட்டி இழுத்து முழுசாக விழுங்குகிற பிராணி. கவரைப் பிரித்து உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் தின்ன அதற்குத் தெரியாது. கவர் முதல் வயிற்றில் போய்த் தங்கிவிடும், சாணியில் வராது. எங்கள் வீட்டுச் சினைமாடு ஒன்று தீனி எடுக்காமல் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. சினை என்று நினைத்தோம். டாக்டர் வயிற்றைத் திறந்து எடுத்தது ஒரு மூட்டை. எத்தனை கவர் என்று எண்ண முடியாது, புரி புரியாகக் கயிறு திரித்த மாதிரி இருந்தது. மாடும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது.

எங்கள் சின்ன வயதில் வேலூர் டவுனுக்குள்ளேயே, வேலப்பாடி, கொசப்பேட்டைத் தெருக்களில், வீட்டுக்கு வீடு கழனித்தண்ணிப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில். சாயங்காலம் நாங்கள் குடத்தோடு போய் வாங்கிவருவோம். பொங்கலுக்கு அந்த வீடுகளுக்கு ஒரு சொம்புப் பால் கொடுப்போம். எல்லோருக்கும் இல்லை, பானையைச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கு மட்டும். அதற்குப் பெண்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. மிச்சத்துக்கு எருக்குழி. குப்பையைப் பிரி என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் பிரிக்க அதில் வேறொன்றும் கிடையாது.

இதைத்தான் நம் வேலூர் சீனிவாசன் முறையாகச் செய்து காட்டினார். கழிவு என்று சொல்லாமல் திட, திரவ வள மேலாண்மை என்று பெயர். குப்பையை அழுகுவதற்கு முன் புதுசாக வாங்கிவிட்டால் காய்த்தோல் மாட்டுத் தீவனம், சாணி எரு. மற்றதை இனம் இனமாகப் பிரித்து விற்பது. 2014-ல் தேசிய அளவிலான ஒரு டிவி நிகழ்ச்சியில் அவரைக் காட்டினார்கள். சத்தீஸ்கரில் அம்பிகாபூர் என்று ஒரு ஊர், அவர் வழிகாட்டுதலில் மகளிர் குழுப் பெண்களே வீடு வீடாக வாங்கி, கொட்டகையில் பிரித்து, விற்று நடத்துகிறார்கள். பழைய குப்பைமேட்டைப் பூங்காவாக மாற்றிவிட்டார்கள். ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்தால் ஒரு சாப்பாடு என்று 2019-ல் அங்கே ஒரு உணவகமும் திறந்தார்கள். நம் ஊர்ச் சரக்கு அங்கே போய்ப் பேர் வாங்கியிருக்கிறது, நாம் இங்கே உட்கார்ந்து பயன் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குக் கொடுக்கலாம் என்றதும் கல்யாண மண்டபத்துச் சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கவிழ்த்துவிடாதீர்கள். சோறு மட்டும் மிதமிஞ்சித் தின்றாலும் மாடு வயிறு புளித்துச் சாகும். கறிக்குழம்பு பட்டது கூடவே கூடாது.

தராசுத்தட்டு:

தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குக் காயலாங்கடை. இங்கே எல்லோரும் ஈரக் குப்பையே பேசுகிறீர்கள், நீலப் பக்கெட்டுக்கு நான் வருகிறேன்.

முதல் விஷயம், எங்களுக்கு வேண்டியது காய்ச்சல். நெல்லுக்குச் சொல்கிற அதே காய்ச்சல்தான். காய்ந்த சரக்குக்கு விலை, நனைந்த சரக்குக்குத் தள்ளுபடி. ஒரு கட்டு நியூஸ் பேப்பர் மேல் அரை டம்ளர் ரசம் கொட்டினால் அது பேப்பர் இல்லை, குப்பை. எனவே பச்சைப் பக்கெட்டைச் சரியாக வைத்திருக்கிறவர்களின் நீலப் பக்கெட்தான் எனக்குச் சரக்கு.

பால் கவர். இதைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். ஒரே ரகப் பிளாஸ்டிக், உருக்கினால் திரும்ப நல்ல குருணையாக வரும், தனி விலை உண்டு. அலசி, கம்பியில் மாட்டிக் காயவைத்து, ஐம்பது ஐம்பதாக வையுங்கள். மூலையை வெட்டும்போது முழுசாக வெட்டாதீர்கள், தொங்குகிற மாதிரி விடுங்கள். அந்த முக்கோணத் துணுக்கு தனியாக விழுந்தால் ஜென்மத்துக்கும் யார் கையிலும் சிக்காது. நேராகச் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து நிக்கல்சன் கால்வாய், அப்புறம் பாலாறு.

தண்ணி பாட்டில் வாங்குவோம். ஷாம்பு, பினாயில் பாட்டில், உடைந்த பக்கெட், நாற்காலி வாங்குவோம். அட்டை, புத்தகம், தகரம், அலுமினியம் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

வாங்க முடியாதவைதான் தெரிவதில்லை. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. இவை ஒரு பிளாஸ்டிக் இல்லை, நாலைந்து படலத்தை ஒட்டவைத்தது. பிரிக்க முடியாது, உருக்கினாலும் உருப்படாது. சேர்த்துக் கட்டினால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகும், அவ்வளவுதான் அதற்கு வழி. மாத்திரை அட்டையும் அப்படித்தான், ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் அலுமினியம். டீக்கடைப் பேப்பர் கப்பைப் பேப்பர் என்று கொண்டுவருகிறார்கள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் பில் இரண்டும் ரசாயனம் தடவிய தாள், பழைய பேப்பரோடு கலந்தால் கட்டே கெடும். தெர்மாகோல் கொண்டுவந்து என்னைக் கேட்காதீர்கள், ஒரு ஆட்டோ நிறைய ஏற்றினாலும் எடை தேறாது.

இன்னொன்று, வயரைக் கொளுத்திச் செம்பு எடுத்து வருகிறார்கள், சின்னப் பையன்கள்தான் அதிகம். பிவிசி எரிகிற புகை விஷம். வயராகவே கொண்டுவாருங்கள், உரிக்கிறது எங்கள் வேலை. பழைய செல்போன் பேட்டரியை மற்றச் சரக்கோடு போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். எங்கள் கடையில் ஒருமுறை பிடித்தது. டியூப்லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாக, சொல்லிக் கொடுங்கள்.

வேலூரில் காகிதப்பட்டறை என்று ஒரு ஏரியாவுக்கே பெயர். அந்த ஊரில் இருந்துகொண்டு பேப்பரை நனைக்கலாமா?

வாலாஜா ரோடு:

நீங்கள் பால் கவரை அலசுங்கள். இந்தப் பக்கம் ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல், மழை பெய்தால் மஞ்சளாக ஊறுகிறது. தோல் ஆலைக் கழிவுநீரால் பாலாறு கெட்டது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பதை நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர் வழக்கையும் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். பெரியவர்கள் செய்ததை விட்டுவிட்டு வீட்டுப் பெண்கள் கையில் இரண்டு பக்கெட்டைக் கொடுப்பது எந்த நியாயம்?

ஆம்பூர்ப் பொண்ணு:

அண்ணா, நியாயம்தான். ஆனால் அது தொழிற்சாலைக்குள்ளேயே நிற்கவில்லை, எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ மேல்பாகம் தைக்கிற வேலையை வீட்டில் வாங்கிச் செய்கிறோம். தினமும் ஒரு பை நிறையத் தோல் வெட்டுத் துண்டு விழும். தோல்தானே, மக்கிவிடும் என்று நான் செடிக்குக் கீழே போட்டேன், ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தது. அது குரோம் ஏற்றிப் பதனிட்ட தோல், மக்கக் கூடாது என்றே செய்தது. அடுப்பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், எரித்தால் அந்த குரோமியம் மோசமான ரகமாக மாறக்கூடும். இப்போது நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து, துண்டுகளைச் சாக்கில் கட்டி, வேலை கொண்டுவந்து கொடுக்கிற ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுக்கிறோம். முதலில் முறைத்தார். சாக்கை வாங்கினால்தான் தைத்த ஜோடியைக் கொடுப்போம் என்று உட்கார்ந்துவிட்டோம். வாங்கிக்கொண்டார்.

நீங்கள் சொன்ன தீர்ப்பு எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் செய்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

வாலாஜா ரோடு:

ஆமாம் தங்கச்சி. அதேதான்.

லாட்ஜ் சாவி:

வேலூரின் ஒரு பெரிய குப்பைப் பிரச்சினையை யாரும் தொடவில்லை. சிகிச்சைக்காக வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு வந்து லாட்ஜில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். நான் அப்படி ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். மீன் செதில், உருளைத் தோல், மருந்து உறை, தண்ணி பாட்டில் எல்லாம் ஒரே கவரில் கதவுக்கு வெளியே. அவர்களைக் குறை சொல்ல மனசு வராது, இருக்கிற கவலையில் பக்கெட் நிறமா பார்ப்பார்கள்? நாங்கள் மாடிக்கு மாடி மூடி போட்ட டிரம் வைத்து, எழுத்துக்குப் பதில் படம் ஒட்டினோம். ஒன்றில் மீனும் காயும், ஒன்றில் பாட்டில், சின்ன டப்பா ஒன்றில் ஊசி. வங்காளத்தில் எழுதி ஒட்டியபோது நடக்காதது படத்துக்கு நடந்தது. பாட்டில் விற்ற காசு பெருக்குகிற அக்காக்களுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார், அதன்பின் பாட்டில் டிரம்மில் மீன் விழாமல் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

சரி, முடிச்சு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அது என் மண்டைக்கு எட்டவில்லை. ஆனால் ஒரு கேள்வி. கவர் இல்லாமல் பக்கெட்டில் நேராகக் கொட்டினால் பக்கெட் பிசுபிசுக்கும், ஈ மொய்க்கும். அதை யார் கழுவுவது? வெயில் காலத்தில் தண்ணீருக்கே லாரியைப் பார்த்து நிற்கிற ஏரியா எங்களுடையது.

விசில் சத்தம்:

ஒரு நியூஸ் பேப்பர் தாளை அடியில் மடித்துப் போடுங்கள் சார். ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், பக்கெட்டோடு ஒட்டாமல் மொத்தமாக விழும், பேப்பர் மக்கவும் செய்யும். டீத்தூளை வடிகட்டியிலேயே நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், பாதிப் பிசுபிசுப்பு அதனால்தான். அரிசி களைந்த தண்ணீரிலேயே பக்கெட்டை அலசிச் செடிக்கு ஊற்றலாம்.

நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். குப்பைக்கான விதிகளே இதைச் சுற்றித் தனியாகக் கொடுக்கத்தான் சொல்கின்றன. பிளேடு, ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, கையில் கொடுத்து, "இதில் ஊசி இருக்கிறது" என்று வாயால் சொல்லுங்கள். அந்த மூன்று வார்த்தை போதும்.

காட்பாடி ஜங்ஷன்:

பேப்பர் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் 2019 ஜனவரி 1-லேயே பதினான்கு வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற துணிப்பை இயக்கம் வந்தது. இன்றைக்கும் நேதாஜி மார்க்கெட்டில் கால் கிலோ பச்சைமிளகாய்க்குத் தனிக் கவர் கொடுக்கிறார்கள் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

மொட்டைமாடித் தோட்டம்:

கொடுப்பார்கள் சார். நீங்கள் வாங்காதீர்கள். :)

பாலாற்றங்கரை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாளே கவரை நிறுத்தினேன். வெறும் பக்கெட், அடியில் பேப்பர். அந்த அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, காய்த்தோலைத் தனிப் பீப்பாயில் தட்டினார். நீலத்தை ஒரு கோணிப்பையில் கொட்டிக்கொண்டார். அது பீப்பாய் அல்ல, வண்டிக்குப் பக்கத்தில் தொங்கும் கோணி, அவர் சொந்தமாகக் கட்டிவைத்தது. ஆறு மாதமாக அது அங்கே தொங்கியிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முடிச்சு போட்டது நீதானே அப்பா?" என்றான்.

எங்கள் வரிசையில் பதினெட்டு வீடு. பையனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பதினொரு வீட்டில் கவரை விட்டுவிட்டார்கள். நாலு வீட்டில் நாள் பார்த்து நடக்கிறது. மூன்று வீட்டில் இன்னும் முடிச்சுதான். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இரட்டை முடிச்சு. அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அவர் எனக்கே வாத்தியார்.

டிரம்மை மறுபடி எடுத்தேன். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஓட்டை போட்டு, மல்லாட்டைத் தோல் ஒரு சாக்கு வாங்கினேன். நடுவில் ஒரு மழையில் நனைந்து கொஞ்சம் நாறியது, சருகு போட்டதும் அடங்கியது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். போகும்போது, மல்லாட்டைத் தோலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

மொட்டைமாடித் தங்கச்சி, நீங்கள் கொடுத்தனுப்பிய பழைய உரத்தில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாலு நாற்று வைத்திருக்கிறேன், பிடித்துக்கொண்டது. என் டிரம்மில் உரம் இன்னும் மூன்று வாரத்தில் தயாராகிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கெட் அளவுக்கு வரும். வேண்டுகிறவர்கள் இங்கே எழுதுங்கள், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம். பையோ பக்கெட்டோ நீங்களே கொண்டுவர வேண்டும். கவரில் கட்டித் தர மாட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:

எனக்கு அரைப் பக்கெட்.